லீக்குக்கு வெளியே ஒரு மட்ச்

சனிக்கிழமை மத்தியானம் நான் பேஸ்மென்ற்றிலிருந்து படியேறி மேலே போனால், சாப்பிட்டாயா குடித்தாயா என்று கேட்கிற வழக்கம் அன்ரியிடம் கிடையாது. குசினி மேசையில் மாவுத் தகட்டுக்குள் கறி வைத்து றோல்ஸ் சுற்றிக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரே கேள்விதான் கேட்பார்.

"தம்பி, இந்தக் கிழமை ஆர் ஆரை விட்டிட்டுப் போனது?"

முதல் தடவை கேட்டபோது, ரொறன்ரோவில் நாங்கள் இருந்த ஸ்காபரோவில் எந்தக் குடும்பம் பிரிந்தது என்று ஊர்வம்பு விசாரிக்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரு விவாகரத்துக் கதையை எடுத்து விட்டேன். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சீ, ஆற்றையோ குடும்பக் கதை எனக்கென்னத்துக்கு? நான் கேட்டது உவங்களை" என்று ரீவியைக் காட்டினார். ரீவியில் தலைக்கவசம் போட்ட தடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புட்போல்.

அந்த வீட்டுக்கு நான் குடிவந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பகலில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை, பின்னேரம் ஆங்கில வகுப்பு. மேலே அன்ரியும் அங்கிளும். கூரையில் அங்கிள் தானே ஏறிப் பூட்டிய அன்ரெனா ஒன்று இருந்தது. அங்கிள் பூட்டியதாயிற்றே, அது ரொறன்ரோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளூர்ச் சனல்களில் பனி கொட்டும். வாவிக்கு அங்கால், அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து வருகிற சனல்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். கிழமை நாட்களில் தையல் தொழிற்சாலைக்குப் போகிற அன்ரி, சனிக்கிழமைகளில் கடைகளுக்கு றோல்ஸ் சுற்றிக் கொடுப்பார். வீட்டில் ஒரு சத்தம் கேட்கட்டும் என்று ரீவியைப் போட்டால், பஃபலோக்காரன் பொழுதுபடும்வரை முட்டைப் பந்தையே காட்டினான். அப்படித் தொற்றிய வியாதி.

விளையாட்டு என்னவோ அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஏன் ஓடுகிறார்கள், ஏன் ஓடினவன் உடனே படுக்கிறான், ஒன்றும் தெரியாது. "பந்தை உருட்டத் தெரியாதவன் செய்த பந்து" என்பார். எவன் வென்றான் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியது எந்த அணி எந்தக் கூட்டில் இருக்கிறது, யாரோடு சேர்ந்தது, யாரைக் கைவிட்டது என்பது மட்டும்தான். அங்கே பல்கலைக்கழக அணிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொண்டு தங்களுக்குள் விளையாடும். அவர்கள் அதைக் கொன்பரன்ஸ் என்பார்கள். அன்ரி லீக் என்பார். அந்தப் பத்து வருஷமும் அந்த லீக்குகளுக்குள் ஒரே அல்லோலகல்லோலம். ரீவிக்காரன் காசைக் காட்டின பக்கம் எல்லாம், தலைமுறை தலைமுறையாக ஒன்றாய் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வேலைத்தலத்தில் இடைவேளைக்குக் கிடக்கிற பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்து, அந்தச் செய்திகளை அன்ரிக்குக் கொண்டுவந்து கொட்டுவது என் வேலை. கூலி, சூடான றோல்ஸ்.

"இதென்ன பெரிய வித்தை?" என்பார் அன்ரி. "லீக் எண்டுறது கொண்டும் குடுத்தும் இருக்கிற நாலைஞ்சு குடும்பம். வசதி வந்தாப் புதுச் சம்பந்தம் தேடுவினம். பழைய சம்பந்தி மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிப்பினம்."

இந்தக் கணக்கில் அவருக்கு எல்லாம் அடங்கிவிடும். டெக்சஸ் ஆட்களின் லீக்கில் ஆர்கன்சா ஒன்றுதான் வெளி மாநிலம். அது ஒருநாள் தென்கிழக்குப் பக்கத்து லீக்குக்கு மாறிவிட்டது. நான் சொன்னதும் அன்ரி கையிலிருந்த றோலை வைத்துவிட்டு யோசித்தார். "போன வீட்டிலை மதிக்காட்டி அது என்ன செய்யும், பாவம்" என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, மிகவும் கவலையோடு, "அப்ப உந்தப் பெரிய பள்ளிக்கூடம், மேசை கதிரை எல்லாம் எப்பிடித் தம்பி ஏத்திப் பறிச்சவை?" என்று கேட்டார். லீக் மாறுவதென்றால் பல்கலைக்கழகமே கட்டடத்தோடு இடம் மாறுகிறது என்று அவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று எனக்கு றோல்ஸ் இல்லை.

பெயரில் பத்து என்று வைத்துக்கொண்டு பதினோராவது ஆளைச் சேர்த்துக்கொண்ட ஒரு லீக் இருந்தது. பேரை மாற்றவில்லையே என்று நான் நக்கலாகப் பேச, அன்ரி அதை நியாயப்படுத்தினார். "மருமகள் வந்தா வீட்டுப் பேரை மாத்துவினமோ?" இன்னொரு லீக் ஆட்களை அள்ளியள்ளிச் சேர்த்துப் பதினாறாக்கியது. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும்" என்று அன்ரி ரீவிக்கு ஆசீர்வாதம் செய்தார். மூன்று வருஷத்துக்குள் அதில் எட்டுப் பேர் தங்களுக்குள் கூடிப் பேசி வெளியே போய்விட்டார்கள். "கனக்கப் பெத்தாலும் கரைச்சல்தான்" என்று ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

டெக்சஸ் லீக் முற்றாகக் கலைந்த செய்தி வந்தபோது மட்டும் அவர் பகிடி விடவில்லை. நாலு பேரை மத்திய மாநிலங்களின் எட்டுப் பேர் லீக் கூட்டிக்கொண்டு போனது. மிச்சப் பேர் இடம் கிடைத்த பக்கம் போனார்கள். "கூப்பிடாத ஆக்கள் இப்ப ஆரோடை விளையாடுவினம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு லீக் கிடைத்துவிட்டது அன்ரி என்றேன். "லீக் கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் முகம் பாத்த ஆக்கள் கிடைப்பினமோ?" என்றார். அன்றைக்கு மீன் வாங்கியிருந்தும் வீட்டில் மரக்கறிதான். செத்த வீடு கொண்டாடுகிறார் என்று அங்கிள் முணுமுணுத்தார்.

அன்ரியை நினைக்கிறபோது எனக்கு இந்தக் குணம்தான் முதலில் வருகிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ஒரு மண்டபத்துக்குப் போனால், மற்றவர்கள் யார் என்ன சேலை உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அன்ரி வாசலில் நின்று யார் வரவில்லை என்று பார்ப்பார். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் இருவர் பங்கு பிரிந்து, ஒரே பிளாசாவில் எதிரெதிராய் இரண்டு கடை போட்டார்கள். இரண்டு பேருமே, அங்கே றோல்ஸ் கொடுத்தால் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று அன்ரிக்கு உத்தரவு போட்டார்கள். அன்ரி சிரித்துக்கொண்டே, "நல்லது, ரெண்டு பேருக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சனம் றோல்ஸ் எங்கே என்று கேட்டுக் கேட்டு இரண்டு கடையையும் ஒரு வழி பண்ணியது. கடைசியில் இரண்டு முதலாளிகளும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அன்ரி இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது ஒரு கோடை மட்ச் அன்றைக்கு.

ரொறன்ரோவில் எங்கள் ஊர்க் கழகங்கள் எல்லாம் கோடையில் உதைபந்தாட்ட லீக் ஒன்று நடத்துவோம். எங்கள் கழகத்துக்கு நான் செயலாளரும் கோலியும். செயலாளர் வேலை எனக்கு நன்றாக வந்தது. அங்கிள் எங்கள் ஊர், அன்ரி பக்கத்து ஊர். நாட்டில் இருந்தபோது நடுவில் ஒரு தார் றோட்டுத்தான் எல்லை, றோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் அவர்களை நாங்கள் அங்காலை ஊர் என்போம். இரண்டு ஊருக்கும் வருஷத்துக்கு ஒரு மட்ச். அதில் ஒரு வழக்கம் இருந்தது. றோட்டைத் தாண்டிக் கலியாணம் கட்டிப் போன பெண்கள், இடைவேளையில் தாங்கள் பிறந்த ஊர் அணிக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அடுத்த பாதியில் புருசன் வீட்டுப் பக்கம் வந்து கத்துவார்கள். ரொறன்ரோவுக்கு வந்தும் அந்த வழக்கத்தை எவரும் விடவில்லை.

அங்காலை அணியின் கோச் அன்ரியின் கூடப்பிறந்த தமையன். மோர்னிங்சைட்டில் இருந்தார், எங்களுக்கு ஒரு பஸ் தூரம். ஒருநாளும் அன்ரி வீட்டு வாசல் மிதித்ததில்லை, ஃபோன் எடுத்ததில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் இளமையில் அங்காலை அணியின் கோலி. அங்கிள் எங்கள் அணியின் சென்ரர் போவேட். ஒரு வருஷ மட்சில் அங்கிள் மூன்று கோல் போட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் அன்ரி அவரோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார். "கோலையும் வாங்கித் தங்கச்சியையும் குடுக்கோணுமோ?" என்று தமையன் நின்ற நிலை அது. கலியாணத்துக்கு வரவில்லை. தனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களின் வீம்புக்கு நாடு கடந்தாலும் விசா தேவையில்லை.

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பிறந்த ஊர் அணிக்கு ஒரு பெண் கொண்டுவருகிற தண்ணீரை அந்த அணிக்காரன் மறுக்க முடியாது. ஆகவே வருஷத்தில் ஒருநாள் அன்ரி தமையனுக்கு முன்னால் போய்க் கோப்பையை நீட்டுவார். அவர் மைதானத்தைப் பார்த்தபடி வாங்கிக் குடித்துவிட்டு, மைதானத்தைப் பார்த்தபடியே திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை கிடையாது. அன்ரி திரும்பி வந்து எங்கள் பக்கம் குந்தியிருந்து, "இந்த முறை இளைச்சுப் போனார்" என்பார். அல்லது, "தலைமயிர் வெட்ட ஆரும் சொல்ல மாட்டினமோ?" என்பார். அதுதான் அவருடைய வருஷம். மிச்ச நாட்கள் எல்லாம் அதற்கான காத்திருப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டெக்சஸ் ஆட்கள் நாலு பேர் வந்து சேர்ந்த பிறகு, மத்திய மாநிலங்களின் அந்த எட்டுப் பேர் லீக்கைப் பன்னிரண்டு பேராக்கி வடக்கு தெற்கு என்று இரண்டாய்ப் பிரித்திருந்தார்கள். நெப்ராஸ்கா வடக்கில், ஒக்லஹோமா தெற்கில். காலங்காலமாக வருஷம் தவறாமல் மோதிய இரண்டு பேர். ஒரு இலையுதிர் காலத்தில் அன்ரி அந்த மட்சுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பிரித்த பிறகு அவர்கள் ஒவ்வொரு வருஷமும் விளையாட மாட்டார்கள் அன்ரி, இந்த வருஷம் இல்லை என்றேன்.

"ஒரே லீக்கிலை இருந்துமோ?"

"ஓம் அன்ரி."

"கோதாரி! சண்டைகூடப் பிடிக்காமல் ரெண்டு பேரைப் பிரிக்கலாமெண்டு உவங்களிட்டைத்தான் படிக்கோணும்" என்று ரீவியை நிறுத்திவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் எங்களுக்கும் அதுவே வந்தது. லீக் இரண்டாய் உடைந்தது. என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. செயலாளராக இருந்தவன் நான். புதிய லீக்குக்காரர் ஆளுயரக் கிண்ணமும் புதுச் சீருடையும் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் கழகக் கூட்டம் அன்ரி வீட்டு வரவேற்பறையில் நடந்தது. கையை உயர்த்தினோம், புதிய லீக்குக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்காலை ஊர் பழைய லீக்கிலேயே நின்றது. பழைய லீக் உடனே ஒரு தீர்மானம் போட்டது: பிரிந்து போன கழகத்தோடு எந்தக் கழகமாவது விளையாடினால் அதற்கும் கதவு அடைப்பு. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கதையில் கூத்தாடியும் நாங்களே.

தட்டோடு வந்த அன்ரி கேட்டார். "அப்ப அங்காலையோடை மட்ச்?"

"இனி இல்லை அன்ரி" என்றேன் நான்.

தட்டை மேசையில் வைத்தார். "அப்ப நான் என்ரை தமையனை எப்ப பாக்கிறது?" என்று கேட்டார், எல்லோருக்கும் முன்னால், சத்தமாக. இருபது ஆம்பிளைகளும் றோல்ஸ் தட்டைப் பார்த்தார்கள். அங்கிள் ஒரு றோலை எடுத்து, கடிக்காமல் வைத்திருந்தார்.

அழுது மூலையில் குந்துகிற ஆளில்லை அன்ரி. அடுத்த கிழமையே பழைய லீக் தலைவரைத் தேடி மைதானத்துக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு. தலைவர் நல்ல மனிதர், ஆனால் லீக்கின் யாப்பை, அதுதான் விதிப் புத்தகத்தை, மனப்பாடம் செய்தவர்.

"தம்பி, அமெரிக்காவிலை லீக் வேறையா இருந்தாலும் வருஷத்திலை ரெண்டு மூண்டு மட்ச் வெளியாக்களோடை விளையாடலாம். அதுக்கெண்டு சனிக்கிழமை ஒதுக்கி வைச்சிருக்கினம்" என்றார் அன்ரி தலைவரிடம்.

"அன்ரி, அது அமெரிக்கா. இது ஸ்காபரோ."

"ஏன், ஸ்காபரோவிலை சனிக்கிழமை வாறேல்லையோ?"

தலைவர் சிரித்தார், றோல்ஸ் சாப்பிட்டார், யாப்பில் இடமில்லை என்றார். புதிய லீக் தலைவரிடம் போனோம். பழைய லீக் மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். அது அவர்களுக்குத் தெரியும் என்றார். பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தோம். வாசல் பூட்டில் திறப்பைப் போட்டுக்கொண்டே அன்ரி சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"யாப்பிலை என்ன கிடக்கு? கழகம் கழகத்தோடை விளையாடக் கூடாது எண்டுதானே?"

"ஓம்."

"மாப்பிளை பகுதியும் பொம்பிளை பகுதியும் விளையாடக் கூடாதெண்டு கிடக்கோ?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு ஊரும் கொண்டான் கொடுத்தான்கள். அங்காலையிலிருந்து எங்கள் பக்கம் வந்த பெண்கள்தான் கூடுதல். ஆகவே நாங்கள் மாப்பிளை பகுதி, அவர்கள் பொம்பிளை பகுதி. கழகச் சீருடை வேண்டாம், கிண்ணம் வேண்டாம், ஒரு பார்க்கில் சம்பந்திமார் பிக்னிக். பிக்னிக்கில் பந்து உருண்டால் எந்த லீக் வந்து பிடிக்கும்? அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்மார் எல்லாம் கோட்டுப் போட்டுக் கூடியிருந்தும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

அங்கிள்தான் அதில் கல்லைப் போட்டார். "எல்லாம் சரி. பொம்பிளை பகுதிக்கு மூத்தவர் ஆர்? கொண்ணர்தானே அவங்களின்ரை கோச்? நீ கலியாணம் கட்டினதையே அந்த மனிசன் ஒத்துக்கொள்ளேல்லை. பொம்பிளை பகுதி எண்டு வந்து நிண்டா, நான் மச்சான் எண்டு ஒத்துக்கொண்டமாதிரியெல்லே? கனவிலையும் வராது."

"ஐயோ, நான் அதை யோசிக்கேல்லை" என்றார் அன்ரி. யோசிக்காமலா இருந்திருப்பார்? எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

தூது போவதற்கு என்னைப் பிடித்தார்கள். மோர்னிங்சைட்டில் உயரமான ஒரு கட்டடத்தில் தமையன் இருந்தார். கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே அவங்கடை கோலி? பந்து வரேக்கை கண்ணை மூடுறவன்?"

"ஓம் அண்ணை."

"உள்ளுக்கு வா."

தேத்தண்ணி கொடுத்தார். நான் பிக்னிக், மாப்பிளை பகுதி, பொம்பிளை பகுதி எல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். மனிதர் அசையவில்லை.

"உது ஆற்றை மூளை?"

"அன்ரியின்ரை."

"எந்த அன்ரி?"

வந்தது வரட்டும் என்று, "உங்கடை தங்கச்சி" என்றேன். வாசல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்தும் வைத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. யன்னல் பக்கம் போய் நின்றார். "பெடியளை அனுப்பிறன். நான் வரமாட்டன்" என்றார். பிறகு, "தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது" என்றார்.

வந்து சொன்னேன். அன்ரியின் முகம் விழுந்துவிட்டது. "பெடியள் வந்து எனக்கென்னத்துக்கு, தம்பி?" என்றார். ஆனாலும் பிக்னிக்கை நிறுத்தவில்லை. சொன்ன சொல்லுக்குச் சனம் வருகிறதே.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். இரண்டு ஊரும் பார்க்கில் திரண்டுவிட்டன. கிழவர்கள், பிள்ளைகள், இறைச்சி வாட்டுகிற புகை. பழைய லீக் தலைவர்கூட, பெண்சாதி அங்காலை ஊர் என்ற உரிமையில், சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அங்கிள் முதல் பத்து நிமிஷம் தான்தான் சென்ரர் போவேட் என்று அடம்பிடித்து, தொந்தி வண்டியை ஒரு பழைய காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டு நின்றார். அங்காலைப் பெடியள் எல்லோரும் வந்தாயிற்று. கோச் இல்லை. விசில் வைத்திருந்தவரை அன்ரி ஊத விடவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றார். பிறகு மறுபடியும், "கொஞ்சம் பாப்பம்." பெடியளுக்குப் பொறுமை போய்விட்டது. நானே போய், அன்ரி, தொடங்கட்டுமே என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை, கோலுக்குள் போய் நின்றேன்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. தமையன் இறங்கினார். வெள்ளை வேட்டி, சேட்டு. உதைபந்து மைதானத்துக்கு வேட்டியில் வந்த கோச்சை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்பெட்டியைத் திறந்து ஒரு தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு, அன்ரியைக் கடந்து, மைதானத்தின் நடுவுக்கு நேரே அங்கிளிடம் நடந்தார். அடிதடி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் கோலுக்குள்ளேயே நின்றுகொண்டேன், பாதுகாப்பான இடம்.

"பொம்பிளை பகுதி எண்டோ சொல்லியிருக்கிறியள்?" என்று கேட்டார்.

அங்கிள் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"பொம்பிளை பகுதி எண்டு வந்தா, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விளையாட ஏலாது. சப்பாத்தைக் கழட்டும்."

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன்தான் தோழனாய் நின்று அவர் காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். அன்ரியின் கலியாணத்தில் அதற்கு ஆள் இருக்கவில்லை. அங்கிள் குனிந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். தமையன் புல்லில் குந்தி, அந்த வியர்த்த காலில் கானைச் சரித்துத் தண்ணீர் ஊற்றி, விரல் இடுக்கு விரல் இடுக்காகக் கழுவினார். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று ஒரு கிழவர் பின்னால் சொல்லிக்கொண்டு மூக்கைச் சீறினார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

"மூண்டாவது கோல் ஓஃப்சைட்" என்றார் தமையன், கழுவிக்கொண்டே. "அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டன்."

"ஓம், ஓஃப்சைட்தான்" என்று அங்கிள் விசும்பினார்.

கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும். யாரோ அதை நினைவுபடுத்த, அங்கிள் தன் விரல் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது கலியாணத்துக்குப் போட்டது, அதற்குப் பிறகு விரல் வளர்ந்துவிட்டது. வரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து மாஜரீன் கொண்டுவந்து பூசினார்கள். பழைய லீக் தலைவர் மோதிரத்தைப் பிடிக்க, புதிய லீக்கின் செயற்குழு ஆள் ஒருவர் அங்கிளின் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு லீக்கும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். மோதிரம் விரல் மொளியைத் தாண்டவில்லை. அங்கிள் ஐயோ ஐயோ என்று கத்தினார்.

"விடுங்கோ, விரல் கழண்டு வந்திடும்" என்றார் தமையன். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "கிடக்கட்டும். வீட்டுக்கு வந்து வாங்கிறன்."

அதுவரை எல்லைக் கோட்டிலேயே நின்ற அன்ரி, அவர் முன்னால் வந்தார். வருஷம் முழுக்க எந்த லீக்கைப் பற்றியும் மணிக்கணக்காய்ப் பேசக்கூடிய வாய் அது. இரண்டு தரம் திறந்து மூடியது.

"நாளைக்கோ அண்ணை?" என்றார்.

தமையன் முதல்முறையாக அவரை நேரே பார்த்தார்.

"நாளைக்கு எங்களுக்கு லீக் மட்ச். நாளையிண்டைக்கு வாறன்."